மகள் துறை மாறிப் படிக்க விரும்பினால்...



உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால், அத்தோடு பிள்ளையின் வாழ்க்கையே தீர்மானமாகிவிட்டது என்ற எண்ணம் நமது வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வைத்திய பீடம் கிடைத்த வீட்டிலிருந்து அயலுக்கெல்லாம் வட்டிலப்பம் போகும். அதே புள்ளியில் சற்றுக் குறைந்து விஞ்ஞான பீடம் கிடைத்த வீட்டில், மௌத்து நடந்த வீட்டைப் போல ஓர் அமைதி. பிறகு மூன்று, நான்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன. பட்டம் கையில் கிடைக்கிற நேரத்தில் மகள் வந்து, "உம்மா, நான் மேற்படிப்பை வேறு துறையில் செய்யப் போறேன்" என்கிறாள்.

வாப்பா கேட்கும் முதல் கேள்வி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "அப்ப இவ்வளவு காலமும் படிச்சது வீணா?"

இம்மாதம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இது தாய்மார் பலருடைய மனதில் கிடக்கும் கேள்வி. பிள்ளையிடம் கேட்டால் சண்டையாகிவிடும் என்று பயந்து கேட்காமலே இருக்கிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நமது நாட்டில் ஒரு பிள்ளை எந்தத் துறையில் முதல் பட்டம் பெறுகிறாள் என்பதை எந்த அளவுக்கு அவளே தீர்மானிக்கிறாள்? சாதாரண தரம் முடிந்தவுடன், பதினாறு வயதில், உயிரியலா கணிதமா என்று கேட்கிறோம். பெரும்பாலும் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா, எந்தப் பீடத்தில் எத்தனை இடம் என்ற கணக்கு. விலங்கியல் படிக்கும் பிள்ளை விலங்கியலைத் தேடிப் போனவள் என்று நினைக்காதீர்கள். வைத்தியமும் பல் வைத்தியமும் தவறி, வரிசையில் அடுத்து வந்தது அது. ஆகவே, பட்டம் முடிந்த பிறகு எடுக்கும் முடிவுதான் அநேக பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் தாமாகவே எடுக்கும் முதலாவது கல்வி முடிவு. அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது.

"படித்தது வீண்" என்ற பேச்சுக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பிரான்சஸ் ஆர்னோல்ட் 1956இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1979இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற பட்டம் இயந்திரப் பொறியியலும் விமானப் பொறியியலும் சேர்ந்தது. கொலராடோவில் சூரியசக்தி ஆய்வு நிறுவனமொன்றில் சில காலம் வேலை செய்தார். பின்னர் பெர்க்லிக்குப் போய் இரசாயனப் பொறியியலில் சேர்ந்து 1985இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கிருந்து அவர் கவனம் உயிர் இரசாயனத்தின் பக்கம், குறிப்பாக நொதியங்களின் பக்கம் திரும்பியது.

நொதியம் என்றவுடன் பாடப்புத்தகம் என்று பயந்துவிடாதீர்கள். அது உங்கள் குளியலறை அலுமாரியிலும் இருக்கிறது. இன்றைய சலவைத் தூள்கள் பலவற்றில் இரத்தக் கறை, பால் கறை, முட்டைக் கறை ஆகியவற்றைக் கரைப்பதற்கென்றே புரதத்தை வெட்டும் நொதியம் சேர்க்கப்படுகிறது. சப்டிலிசின் என்பது அந்த வகையைச் சேர்ந்த ஒன்று. இந்த நொதியத்தைத் தண்ணீர் அல்லாத ஒரு கரைப்பானிலும் வேலை செய்யவைக்க வேண்டும் என்பது ஆர்னோல்ட் எடுத்துக்கொண்ட வேலை. அக்காலத்தில் புரதத்தின் அமைப்பைப் பார்த்து, எந்த இடத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்து யோசித்து மாற்ற முயன்றவர்கள் பலர். பொறியியல் படித்த இந்தப் பெண் வேறு விதமாகப் போனார். குருட்டாம்போக்கில் ஏராளமான மாற்றங்களை உண்டாக்கு, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார், நன்றாக வேலை செய்வதை மட்டும் எடுத்து மீண்டும் மாற்று. 1993இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று தலைமுறை மாற்றத்துக்குப் பிறகு அந்த நொதியம் அந்தக் கரைப்பானில் முன்னையதைவிட 256 மடங்கு வேகமாக வேலை செய்தது. இந்த வழிமுறைக்காக 2018இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. இரசாயனவியலில் அப்பரிசைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். மூன்று ஆண் பிள்ளைகளின் தாய் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது பரிசை அல்ல. இயந்திரப் பொறியியல் அவருக்கு வீணாகவில்லை என்பதைத்தான். "ஏன் வேலை செய்கிறது என்பது பிறகு, முதலில் வேலை செய்யவைப்போம்" என்ற பொறியியலாளரின் மனப்பாங்கை அவர் கூடவே கொண்டுபோனார். புதிய வீட்டுக்குப் போகும் மணமகள் உம்மாவின் கைப்பக்குவத்தைக் கொண்டுபோவது போல.

நம்மவர்களிலும் உண்டு. துருக்கியின் மார்தின் மாகாணத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அஸீஸ் சன்ஜார். 1969இல் இஸ்தான்புல்லில் டாக்டர் பட்டம் பெற்று, சொந்தப் பிரதேசத்தில் வைத்தியராகவும் வேலை செய்தவர். நமது ஊரில் என்றால் அதோடு வாழ்க்கையில் எல்லாம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்போம். அவரோ அமெரிக்காவுக்குப் போய் மீண்டும் மாணவராகி, 1977இல் மூலக்கூற்று உயிரியலில் கலாநிதியானார். சிதைந்த டி.என்.ஏ.யைக் கலம் எவ்வாறு திருத்திக்கொள்கிறது என்ற ஆய்வுக்காக 2015இல் நோபல் பரிசு. நமது காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும இன்னும் தூரம் தாண்டியவர். முதல் பட்டம் 1948இல் மதராஸ் பல்கலைக்கழகத்தில், தத்துவத்தில்! பிறகு இலண்டனில் இரசாயனவியல் பட்டம், 1962இல் பெர்க்லியில் கலாநிதிப் பட்டம். பின்னாளில் சந்திரனிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணில் உயிரின் மூலப்பொருட்கள் உண்டா என்று சோதித்தவர்களில் அவரும் ஒருவர்.

சரி, இவர்கள் எல்லாம் மேதைகள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே இனி நமது வீட்டுக்கே வருவோம்.

துறை மாறுவதற்கு மகள் என்ன காரணம் சொல்கிறாள் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். "இதற்கு வேலை இல்லையாம், எல்லோரும் கம்பியூட்டர் படிக்கிறார்கள்" என்பது ஒரு காரணம். அது பலவீனமான காரணம் என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் ஓடுகிற பக்கம் ஓடுகிறவள், அங்கே போய்ச் சேரும்போது கூட்டம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். "இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பது இரண்டாவது. அது உண்மையாக இருக்கலாம், ஆனால் பிடிக்காததிலிருந்து ஓடுவது வேறு, பிடித்ததை நோக்கிப் போவது வேறு. மூன்றாவது காரணம்தான் வலுவானது: படிக்கும்போதே ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது, அதற்கான விடை தனது துறையில் முழுமையாக இல்லை. இறுதி வருட ஆய்வுக்காக வடமத்திய மாகாணத்துக் கிணற்று நீரைச் சோதித்த ஓர் இரசாயனவியல் மாணவியை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிரதேசத்தின் சிறுநீரக நோயைப் பற்றித் தொண்ணூறுகளிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு என்று பலவற்றையும் சந்தேகிக்கிறார்கள். இந்தப் பிள்ளை நிலத்தடி நீரைப் பற்றியோ, நோய்ப்பரவலியலைப் பற்றியோ மேலே படிக்க விரும்பினால் அதைத் துறை மாறுவது என்று சொல்வதே சரியில்லை. ஆற்றின் போக்கிலே போவதுதான் அது.

அப்படியான பாதைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். மகளை டாக்டராகப் பார்க்க ஆசைப்பட்டு, பௌதிகவியல் பட்டத்தோடு நிற்கும் தாய்மாருக்கு ஒரு செய்தி. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும்போது, எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்று துல்லியமாகக் கணிக்கும் பொறுப்பு வைத்தியப் பௌதிகவியலாளருடையது. அத்துறையில் முதுமாணிப் படிப்பு நமது நாட்டிலேயே உண்டு. அதற்கு வேண்டியது பௌதிகவியல் பட்டம். இரசாயனவியல் படித்த பிள்ளை உணவு விஞ்ஞானத்துக்குப் போகலாம். ஓர் இனிப்புப் பண்டத்திலுள்ள ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்ததா பன்றியிலிருந்து வந்ததா என்பதை டி.என்.ஏ. சோதனையாலும், புரதத் துண்டுகளை நிறுத்துப் பார்க்கும் கருவியாலும் கண்டுபிடிக்கிறார்கள். லேபலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்படும் நமக்கு, அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் வேண்டும்! கணிதம் படித்தவள் புள்ளிவிபரவியலுக்கோ கணினிக்கோ போவது எளிது. பொறியியல் முடித்து முகாமைத்துவம் படிப்பது இன்று சர்வசாதாரணம், அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பாதையும் இரு பக்கமும் திறந்ததல்ல. கணிதம் அதிகமுள்ள துறையிலிருந்து குறைவான துறைக்கு இறங்குவது சுலபம், ஏறுவது கடினம். இது நமது பெண் பிள்ளைகளை விசேடமாகப் பாதிக்கிறது. உயிரியல் பிரிவில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று படித்தவள், சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தவள். அவள் கணினி விஞ்ஞானத்துக்கோ, உயிர்த் தகவலியலுக்கோ, ஏதாவது ஒரு பொறியியல் துறைக்கோ போக விரும்பினால் வகையிடல், தொகையிடல், தாயம், நிகழ்தகவு ஆகியவை வாசலிலேயே காத்திருக்கும். விண்ணப்பப் படிவத்தில் அதைக் கேட்காமல் விட்டாலும் முதலாவது தவணையில் கேட்பார்கள். விரிவுரையாளர் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு "இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். அப்போது அழுது பயனில்லை.

இதற்கு ஒரே வழி, போவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தை நிரப்புவது. அதில் வெட்கமும் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பிறகு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உயிரியல் மாணவராக மீண்டும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இரசாயனவியலில். கலாநிதியே போய் உட்கார்ந்தார் என்றால் நமது பிள்ளை உட்காருவதில் என்ன குறை? அதுவும் இன்று வீட்டை விட்டு வெளியே போகாமலே முடியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தனது பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியரின் தாயக் கணித விரிவுரைகளை உலகம் முழுவதும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இந்தியாவின் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்திலும் பொறியியல், விஞ்ஞானப் பாடங்கள் ஏராளம். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. பயிற்சிக் கணக்குகளைக் கையால் செய்ய வேண்டும். நான் தாய்மாருக்குச் சொல்லும் பரீட்சை இதுதான்: புதிய துறையில் முதலாம் வருடப் பாடநூல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் விடுங்கள். யாரும் சொல்லாமலே அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கிறாளா, கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். ஆசை உண்மையா, தோழிகளின் தொற்றா என்பது அதிலே தெரிந்துவிடும். இஸ்திகாரா தொழுதுவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் புத்தகத்தையும் திறக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வாசல் முழுமையாகவே பூட்டியிருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சில தொழில்கள் பதிவோடு சேர்ந்தவை. டாக்டர், தாதி, மருந்தாளர் போன்றவை அப்படி. முதுமாணிப் பட்டத்தின் மூலம் ஒருவர் டாக்டராக முடியாது. பொறியியலும் பெருமளவுக்கு இப்படித்தான். பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதிக்குப் போகும்போது அங்கீகாரம் பெற்ற முதல் பட்டம் பொறியியலில் உண்டா என்றுதான் முதன்மையாகப் பார்ப்பார்கள். 2017ஆம் ஆண்டின் பொறியியல் பேரவைச் சட்டத்துக்குப் பிறகு பதிவும் கட்டாய விடயமாகியிருக்கிறது. பௌதிகவியல் பட்டதாரி மின் பொறியியலில் முதுமாணி செய்தால் அறிவும் வரும், ஆய்வு வேலையும் வரும், நல்ல கம்பனி வேலையும் வரலாம். ஆனால் கலியாணப் பத்திரிகையில் "எஞ்ஜினியர்" என்று போடுவதற்காக இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். அதேபோல, பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வரும்போது உரிய துறையில் சிறப்புப் பட்டம் கேட்பார்கள். முதல் பட்டம் ஒன்று, மற்றது வேறொன்று என்றால் அங்கே கேள்வி எழும். ஆசிரியத் தொழிலில் ஆசை உள்ள பிள்ளை பழைய விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து முன்னரே வாசித்துப் பார்க்கட்டும்.

உள்நாட்டில் படிப்பதென்றால் பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் 1975இலிருந்தும், விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் 1996இலிருந்தும் இயங்குகின்றன. கொழும்பு, மொறட்டுவ, ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களிலும் முதுமாணிப் படிப்புகள் உண்டு. துறை மாறுகிறவளுக்கு முதலில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றைச் செய்வது நல்ல பாலம். தேறினால் மேலே போகலாம், ஒத்துவரவில்லையென்றால் கௌரவமாக நிறுத்திக்கொள்ளலாம். முதுமாணி என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பின்னர் கலாநிதிப் படிப்புக்குப் போகும் எண்ணமிருந்தால் இரண்டாவதே நல்லது. துறை மாறிய பிள்ளைக்கு அந்த ஆய்வுதான் புதிய துறையில் அவளுடைய சாட்சிப் பத்திரம்.

வகுப்புகள் அநேகமாகச் சனி, ஞாயிறு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் கல்முனையிலோ புத்தளத்திலோ இருக்கும் பிள்ளைக்கு அது வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ். இதை யாரும் அறிவித்தலில் எழுதுவதில்லை. கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிற வீட்டில் பஸ் செலவையும், தங்குமிடத்தையும், யார் கூடப் போவது என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு சாச்சி வீடு, ஒரு மாமி வீடு, சில வேளை புலமைப்பரிசிலைவிடப் பெறுமதியானது.

வெளிநாடு என்றால் பணம் வேறு விதமாக ஓடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞான, பொறியியல் கலாநிதி மாணவர்களுக்குப் பெரும்பாலும் உதவி ஆசிரியராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை தந்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப் படியும் கொடுக்கிறார்கள். அங்கே இளமாணியிலிருந்தே நேரடியாகக் கலாநிதிக்குச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. துறை மாறி வருகிறவர்களை எடுத்து, விடுபட்ட பாடங்களை முதல் வருடத்தில் படிக்கச் சொல்வதும் வழக்கம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் வாசல் அகலம். மூன்று வருடப் பட்டத்தைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். ஜப்பானிய அரசின் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலோ இதற்கு நேர்மாறு. இளமாணியில் படித்த துறை அல்லது அதோடு தொடர்புடைய துறையில்தான் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் விதி. ஆகவே துறை மாற விரும்பும் பிள்ளை, புதிய பாடம் பழையதோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதை எழுதிக் காட்டவேண்டியிருக்கும். வட்டிக் கடன் எடுத்து ஒரு வருட முதுமாணிக்கு அனுப்புவதற்கு முன், மாதப் படியோடு படிக்கக்கூடிய பாதை உண்டா என்று தேடுங்கள். ஹராத்தில் ஆரம்பிக்காமலே போகக்கூடிய பாதை இருக்கும்போது, ஒரு வருடம் காத்திருப்பது பெரிய இழப்பல்ல.

இனி, எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத விடயம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. வரன் பேசி வருகிறார்கள். "புதிதாக ஒரு பாடம் படிக்கத் தொடங்கினால் கலியாணம் எப்போது?" என்ற கேள்வி உம்மாவின் நெஞ்சை அழுத்துகிறது. நான் இதை லேசாக எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் துறை மாறுகிறவளுக்கு முதல் வருடம்தான் மிகக் கடினம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே வருடத்தில் கலியாணமும், புது வீடும், புது மனிதர்களும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று பாதிக்கப்படும். பெரும்பாலும் படிப்புத்தான். கலியாணத்தை அந்த ஒரு வருடத்துக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் "பிள்ளை படிப்பு முடிச்சிட்டா" என்று சொல்லாதீர்கள். "இன்னும் இரண்டு வருடம் படிக்கப் போகிறா, வேறு பாடம், சனி ஞாயிறு வகுப்பு இருக்கு" என்று தேதி குறிக்கும் முன்பே தெளிவாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு விலகுகிற இடம் விலகட்டும். நிக்காஹ் முடிந்த பிறகு வரும் மனஸ்தாபத்தைவிட அது நல்லது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். துறை மாறி விண்ணப்பிக்கிறவளின் பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்கமாட்டார்கள். என்னென்ன பாடம், எத்தனை மணித்தியாலம், ஒவ்வொன்றிலும் என்ன உள்ளடக்கம் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தை விட்டு வருவதற்கு முன்பே பெறுபேற்றுப் பத்திரத்தோடு, படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பீடத்திலிருந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இறுதி வருட ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம், "சேர், நான் பின்னால் இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், சிபாரிசுக் கடிதம் தருவீர்களா?" என்று அவர் முகம் மறக்கும் முன்பே கேட்டு வைக்கட்டும். வேறு துறைக்குப் போகிறாளே என்று அவர் கோபிப்பாரோ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு உண்டு. கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்!